பனியாற்றின் காலடியில் என்ன இருக்கிறது?

அலாஸ்கா வளைகுடாவின் கரையில், சுமார் 400 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு பெரிய பனியாறுகள் கடலில் வந்து இறங்குகின்றன. மேற்கே இருப்பது கொலம்பியா. 1980-களின் தொடக்கத்தில் பின்வாங்க ஆரம்பித்த அதன் முகப்பு இதுவரை 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போய்விட்டது. கிழக்கே இருப்பது ஹப்பர்ட். 1895-இல் முதன்முதலாக அளந்த காலத்திலிருந்து, மொத்தத்தில் பார்த்தால், அது கடலை நோக்கி முன்னேறியே வந்திருக்கிறது. இரண்டுக்கும் பனியைக் கொண்டுவந்து கொட்டுவது ஒரே வளைகுடாவின் ஈரக்காற்று. சூடேறிவரும் ஒரே வானத்தின் கீழேதான் இரண்டும் கிடக்கின்றன. பிறகு ஏன் ஒன்று போகிறது, இன்னொன்று வருகிறது?

இதற்கு விடை தெரியாததால் இரண்டு விதமான அவசர முடிவுகள் உலவுகின்றன. பனிச்சுவர் ஒன்று இடிந்து கடலில் விழும் காணொளி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. கூடவே, பூமி உருகி முடியப்போகிறது என்று ஒரு வரி. இன்னொரு பக்கம் ஹப்பர்டின் படத்தைப் போட்டு, பனியாறு வளர்கிறதே, வெப்பமயமாதல் எல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள். இரு தரப்பும் பார்ப்பது தண்ணீருக்கு மேலே தெரியும் சுவரை. அந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரை. அந்தத் தரையைக் கணக்கில் எடுக்காமல் சொல்லும் முடிவு, நமக்குப் பிடித்த முடிவாகவே இருந்தாலும், செல்லாது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். மலை உச்சிகளில் ஆண்டுதோறும் விழும் பனி, கோடையிலும் முழுதாக உருகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகிறது. கனம் கூடக் கூட அந்தக் கட்டி பள்ளத்தாக்கு வழியே மெல்லக் கீழே நகர்கிறது. நகரும் இந்தப் பனிதான் பனியாறு. நிலத்திலேயே முடியும் பனியாற்றின் கணக்கு எளிது: மேலே சேர்வதும் கீழே உருகுவதும் சமமாகும் இடத்தில் அதன் நுனி நிற்கும். வெயில் கூடினால் நுனி மேலேறும், பனிப்பொழிவு கூடினால் கீழிறங்கும். சில பனியாறுகளோ அப்படி உருகித் தீர்வதற்கு முன்பே கடலை எட்டிவிடுகின்றன. அலாஸ்காவில் உள்ள சுமார் 27,000 பனியாறுகளில் கடலைத் தொடுபவை 50 அளவுக்குத்தான். ஆனால் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய பனியாறுகளில் பல இந்தச் சிறு கூட்டத்தில் அடக்கம். இவற்றுக்குச் செலவுக் கணக்கு இரண்டு வழிகளில் கூடுகிறது. முகப்பிலிருந்து பாளம் பாளமாக உடைந்து விழுவது ஒன்று. கடல்நீர் அடியிலிருந்து கரைப்பது மற்றொன்று.

கடலைத் தொடுகிறது என்றதும் நம் மனதில் மணற்கரையும் அதில் வந்து முடியும் பனியும் தோன்றக்கூடும். நிலைமை அப்படி இல்லை. பழைய பனியுகங்களில் இதைவிடப் பன்மடங்கு பெரிய பனியாறுகள் இதே பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்குப் பல நூறு மீட்டர் கீழே வரை குடைந்து வைத்துவிட்டுப் போயின. கடல் புகுந்து நிரம்பிய அந்த ஆழமான, இருபுறமும் செங்குத்துச் சுவர் கொண்ட பள்ளத்தாக்குதான் ஃபியர்டு. இன்றைய பனியாறு அதற்குள் இறங்கி நிற்கிறது. கப்பலில் போகிறவர் கண்ணுக்குச் சில பத்து மீட்டர் உயரமும், ஹப்பர்ட் போன்றவற்றில் சில இடங்களில் நூறு மீட்டர் உயரமும் உள்ள நீலச் சுவர் தெரியும். ஆழமான ஃபியர்டுகளில் அதைவிடப் பெரிய பங்கு தண்ணீருக்குள்ளே மறைந்திருக்கும். பனியாற்றின் படுகையோ முகப்பிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் கடல்மட்டத்துக்குக் கீழேயே போகும்.

அப்படியானால் இது மிதக்கிறதா? பெரும்பாலும் இல்லை. பனிக்கட்டியின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு. 300 மீட்டர் தடிமன் உள்ள பனி மிதக்க வேண்டுமானால் ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத் தண்ணீர் வேண்டும். அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் அது தரையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். அலாஸ்காவின் பனியாறுகள் அநேகமாக எல்லாமே இப்படித் தரையில் ஊன்றி நிற்பவை. ஊன்றலின் பலம்தான் இங்கே எல்லாம். கிணற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது காலுக்குப் பிடி இருக்கும். கழுத்தளவுக்கு இறங்கினால் உடல் கனமிழந்து கால் வழுக்கும். பனியாறும் அப்படியே. ஆழம் கூடும் இடத்தில் அதன் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, தரையோடு உராய்வு குறைகிறது, ஓட்டம் வேகமெடுக்கிறது, இழுபட்டு விரிசல் விட்ட முகப்பு எளிதாக உடைகிறது.

இவ்வளவு ஆழத்தில் ஒரு பனியாறு எப்படித்தான் நூற்றாண்டுக்கணக்கில் நிலையாக நிற்கிறது? அது தனக்கான மேடையைத் தானே கட்டிக்கொள்கிறது. நகரும் பனி அடிப்பாறையை அரைக்கிறது. கல், சரளை, மாவுபோன்ற நுண்தூள் எல்லாம் பனிக்கு அடியில் உருண்டும் உருகுநீரோடு வழிந்தும் முகப்பின் காலடியில் வந்து கொட்டுகின்றன. காலப்போக்கில் ஃபியர்டின் குறுக்கே, தண்ணீருக்கு அடியில், ஒரு மேடு உயர்கிறது. மொரைன் திட்டு என்று இதைச் சொல்லலாம். முன்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் இருக்கும், பின்னாலும் இருக்கும், திட்டின் மேல் மட்டும் சில பத்து மீட்டர்தான். முகப்பு அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் வரை பனியோடு உரசும் கடல்நீர் குறைவு, உடைப்பும் குறைவு. பனியாறு முன்னேற வேண்டுமானால் திட்டையும் கூடவே நகர்த்த வேண்டும். பின்பக்கத்து மண்ணை அரித்து முன்பக்கத்தில் போட்டு, திட்டோடு சேர்ந்தே அது ஊர்கிறது. ஆண்டுக்குப் பத்து முதல் நாற்பது மீட்டர் என்ற கதியில்தான் இது நடக்கும். ஹப்பர்டின் முன்னேற்றம் ஆண்டுக்குச் சராசரி 13 மீட்டரில் தொடங்கி 36 மீட்டர் வரை கூடியதாக அளவீடுகள் சொல்கின்றன.

ஏறுவது ஆமை வேகம் என்றால் இறங்குவது அப்படியல்ல. பனியாறு மெலிந்து, முகப்பு திட்டிலிருந்து சற்றே பின்னால் வழுக்கினால் போதும், அது ஆழத்துக்குள் விழுகிறது. பிடி தளர்கிறது, ஓட்டம் கூடுகிறது, பனி நீட்சியடைந்து இன்னும் மெலிகிறது, இன்னும் உடைகிறது, மேலும் ஆழமான இடத்துக்கு முகப்பு பின்வாங்குகிறது. ஃபியர்டு மறுபடி ஆழம் குறையும் இடமோ, இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் குறுகலான இடமோ வரும் வரை இது ஓயாது. நூற்றாண்டுகளில் சேர்த்த முன்னேற்றம் சில பத்தாண்டுகளில் கரைந்துபோகும்.

கொலம்பியாவுக்கு நேர்ந்தது இதுதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆஸ்டின் போஸ்ட் அதை நடப்பதற்கு முன்பே எழுதிவைத்தார். 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழு பார்த்தபோது முகப்பு எங்கே நின்றதோ, கிட்டத்தட்ட அங்கேயே, ஹெதர் தீவை ஒட்டிய திட்டின் மேல், 1970-களிலும் அது நின்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்த மற்றவை பின்வாங்கிவிட்ட காலத்திலும் இது அசையவில்லை. போஸ்ட் முகப்பின் முன்னால் கடலாழத்தை அளந்து, திட்டின் அமைப்பை ஆராய்ந்து, இது திட்டைவிட்டு இறங்கினால் பின்வாங்கல் பேரளவில் இருக்கும் என்று 1975-இல் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு நடைமுறை அவசரமும் இருந்தது. 1977-இல் அலாஸ்கா குழாய்வழியாகக் கச்சா எண்ணெய் அருகிலிருக்கும் வால்டீஸ் துறைமுகத்துக்கு வரத் தொடங்கியது. எண்ணெய்க் கப்பல்கள் போகும் தடத்துக்கே கொலம்பியாவின் பனிப்பாறைகள் மிதந்து வரக்கூடும். துறை விரிவான ஆய்வு நடத்தி, சில ஆண்டுகளுக்குள் வேகமான பின்வாங்கல் தொடங்கும் என்று 1980-இல் அறிவித்தது. சொன்னபடியே நடந்தது.

வானிலைத் தரவை மட்டும் வைத்து யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. கடலடித் தரையின் ஏற்ற இறக்கத்தைப் படித்ததால்தான் சொல்ல முடிந்தது. பனியாற்று அறிவியலில் மிகத் தெளிவாகப் பலித்த முன்கணிப்புகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். அதற்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 1989 மார்ச் 24 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், எக்ஸான் வால்டீஸ் கப்பல் பிளை பாறைத்திட்டில் மோதி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. கப்பல் வழக்கமான தடத்தைவிட்டு விலகியது மிதக்கும் பனியைத் தவிர்க்கத்தான். அந்தப் பனி கொலம்பியாவிலிருந்து உடைந்து வந்தது. விபத்துக்கு மனிதத் தவறுகளே முதன்மைக் காரணம் என்று விசாரணையில் முடிவானது. என்றாலும் அந்த இரவில் கடல் ஏன் அப்படி இருந்தது என்பதற்கான விடை திட்டுக்குப் பின்னால் இருந்த ஆழத்தில் கிடக்கிறது.

இப்போது கொலம்பியா ஒரே பனியாறுகூட இல்லை. பின்வாங்கிப் பின்வாங்கி, கிளைகள் கூடும் இடத்தைத் தாண்டியதும், தனித்தனி முகப்புகளாகப் பிரிந்துவிட்டது. உச்சகட்டத்தில் முகப்புப் பகுதியின் பனி ஒரே நாளில் 25 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. முன்னோக்கி அவ்வளவு வேகமாக ஓடியபடியே பனியாறு பின்வாங்கியது என்பது பலரையும் குழப்பும் செய்தி. ஓடிவரும் பனியைவிட உடைந்துபோகும் பனி அதிகம் என்பதுதான் அதன் பொருள். பழைய திட்டு மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. பெரிய பனிப்பாறைகள் வெளிக்கடலுக்குப் போகும் வழியில் அதன்மேல் தட்டித் தரைதட்டி நிற்கின்றன.

ஹப்பர்டின் கதை நேர் எதிர். ஆனால் விதி அதேதான். கனடாவின் மிக உயரமான லோகன் சிகரத்தைச் சுற்றிய பனிவெளிகளில் பிறந்து, 122 கிலோமீட்டர் இறங்கி வந்து, யாக்குடாட் விரிகுடாவின் தலைப்பகுதியில் அது கடலைத் தொடுகிறது. அதன் பரப்பில் 95 விழுக்காடு ஆண்டு முழுவதும் பனி சேரும் உயரத்தில் இருக்கிறது. நிலத்தில் முடியும் ஒரு பனியாறு சமநிலையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சேரும் பகுதி இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் ஹப்பர்டுக்கு வரவு மிக மிக அதிகம். உருகும் பகுதி வெறும் நுனி மட்டுமே. ஏன் இப்படி? பல நூற்றாண்டுகளுக்கு முன் இது விரிகுடாவின் வாய் வரை நீண்டு கிடந்தது. அங்கிருந்து பெரிய பின்வாங்கல் ஒன்றில் தாழ்வான பகுதி முழுவதையும் இழந்து மலைக்குள் ஒடுங்கியது. இழந்ததை மெல்ல மெல்ல மீட்டு வருவதைத்தான் இன்று முன்னேற்றமாகப் பார்க்கிறோம். இப்போதைய குளிர் எதையும் அது காட்டவில்லை. பழைய பின்வாங்கலின் நீண்ட பின்விளைவு இது.

இந்த முன்னேற்றம் மனிதர்களைத் தொடும் இடம் கில்பர்ட் முனை. அங்கேதான் ரஸ்ஸல் ஃபியர்டு விரிகுடாவோடு சேரும் குறுகிய வாய் இருக்கிறது. 1986-இல் ஹப்பர்ட் அந்த வாயை அடைத்தது. ஃபியர்டு ஏரியாகியது. சுற்றியுள்ள ஓடைகளின் நீர் சேர்ந்து மட்டம் கடலைவிட 25 மீட்டர் உயர்ந்தது. மேல்நீர் நன்னீராக மாற, உள்ளே சிக்கிய கடல்நாய்களையும் சிறு கடல்பன்றிகளையும் மீட்க ஆட்கள் போனார்கள். அக்டோபர் 8 அன்று அணை உடைந்தது. உச்ச வேளையில் நொடிக்கு ஒரு லட்சம் கனமீட்டருக்கும் மேல் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. 2002-இலும் இதே நடந்தது. இம்முறை பனி தன் முன்னால் தள்ளிவந்த சரளையும் மண்ணுமே வாயை அடைத்தன. மட்டம் 15 மீட்டர் அளவுக்கு உயர்ந்து, ஆகஸ்ட் 14-இல் உடைந்தது.

யாக்குடாட் ஊரில் வாழும் டிலிங்கிட் மக்களுக்கு இது செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை. அணை நிலைத்து, ஏரி 40 மீட்டர் வரை உயர்ந்தால், தண்ணீர் தெற்கே வழிந்து சிடுக் ஆற்றில் போய் விழும். அந்த ஊருக்குச் சோறு போடும் சால்மன் மீன் அந்த ஆற்றில்தான் முட்டையிடுகிறது. பனியாற்றைப் பற்றிய அறிவும் அவர்களுக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1791-இல் ஸ்பானியக் கப்பற்படைத் தலைவர் மலாஸ்பினா அட்லாண்டிக்குக்கு வழி தேடி இந்த விரிகுடாவுக்குள் வந்து, பனிச்சுவரைக் கண்டு ஏமாந்து திரும்பினார். டிலிங்கிட் மக்களோ முகப்பருகே மிதக்கும் பனித்துண்டுகளில் குட்டி போடும் கடல்நாய்களைத் தேடி ஆண்டுதோறும் முகாம் போட்டு வந்தவர்கள்.

இவர்களின் இன்னொரு பிரிவினரான ஹூனா மக்களின் நினைவில் பனியாற்றின் முன்னேற்றம் பதிந்திருக்கிறது. இன்று கிளேசியர் பே என்று அழைக்கப்படும் இடத்தில் அவர்கள் ஊர்கள் இருந்தன. 1700-களில் பனி முன்னேறி வந்து அவர்களை வெளியே தள்ளியது. 1794-இல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லும்படி எதுவும் இல்லை, வாயிலில் பெரும் பனிச்சுவர்தான் நின்றது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் டிலிங்கிட் வழிகாட்டிகளோடு படகில் போனபோது பனி 50 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டிருந்தது. இன்று அந்த நீர்வழியின் நீளம் சுமார் 100 கிலோமீட்டர்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளேசியர் பேயின் அந்தப் பெரும் பின்வாங்கலில் பெரும்பகுதி தொழிற்சாலைப் புகை காற்றைக் கணிசமாகச் சூடாக்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை இது. விளக்க வேண்டிய விஷயம். கடலில் இறங்கும் பனியாறுகளுக்கு மெதுவாக ஏறி வேகமாக இறங்கும் ஒரு சுழற்சி உண்டு. காலநிலை அந்தச் சுழற்சியைத் தூண்டிவிடலாம், பனியை மெலியச் செய்து திட்டிலிருந்து இறக்கிவிடலாம். இறங்கிய பிறகு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதை ஃபியர்டின் ஆழமும் அகலமும் முடிவு செய்கின்றன. அதனால் ஒரு தனிப் பனியாற்றின் முகப்பு, எந்தத் திசையில் நகர்ந்தாலும், வெப்பமானி ஆகாது.

சுழற்சியைக் காலநிலை மிஞ்சும் தருணமும் வருகிறது. ஜூனோ நகருக்கு அருகில் உள்ள டாகு பனியாறு இதற்குச் சரியான சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் முகப்பு வரை கப்பல்கள் போய்வந்தன. பிறகு அது முன்னேறத் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தான் கொட்டிய வண்டலாலேயே கடலை முன்னாலிருந்து துரத்தி, மண்மேட்டின் மேல் பத்திரமாக ஏறிக்கொண்டது. உடைந்து விழும் செலவு நின்றது. சுற்றியிருந்த பனியாறுகள் எல்லாம் சுருங்கியபோதும் டாகு வளர்ந்தது. கடலிடமிருந்து தப்பித்துவிட்ட அதை இனி எதுவும் அசைக்காது என்று தோன்றியது. 2018-இல் அதுவும் பின்வாங்கத் தொடங்கியது. கடல் தொடாத இடத்தில், பனி 1,400 மீட்டருக்கும் மேல் தடித்துக் கிடக்கும் ஒரு பனியாற்றில் இது நடந்திருக்கிறது. கொலம்பியாவின் 20 கிலோமீட்டரைவிட டாகுவின் அந்தச் சிறு பின்வாங்கல்தான் என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்கிறது.

தரையைப் பற்றியே பேசிவிட்டோம். தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. கோடையில் பனியின் மேற்பரப்பில் உருகும் நீர் விரிசல்கள் வழியே அடிக்கு இறங்கி, ஒரு நிலத்தடி ஆறுபோல ஓடி, முகப்பின் காலடியில் கடலுக்குள் திறக்கிறது. நன்னீர் என்பதால் அது உப்புநீரைவிட இலேசானது. கொப்பளித்துக்கொண்டு சுவரை உரசியபடி மேலே வருகிறது. வரும் வழியில் ஆழத்திலுள்ள வெதுவெதுப்பான கடல்நீரையும் இழுத்துக்கொண்டு வந்து பனிமேல் தேய்க்கிறது. மேலிருந்து பார்த்தால் சுவரின் அடியில் ஒரு பழுப்புநிற வட்டம் மட்டும் தெரியும். அதன்மேல் கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி, மேலே தள்ளப்பட்ட சிற்றுயிர்களைக் கொத்திக்கொண்டிருக்கும். அடியில் சுவர் குடையப்படுகிறது. ஆதாரம் போன மேல்பகுதி பிறகு சரிகிறது. நாம் காணொளியில் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை.

தென்கிழக்கு அலாஸ்காவின் லெகான்டே பனியாற்றில் இந்தக் குடைச்சலை நேரடியாக அளந்திருக்கிறார்கள். அங்கே பீட்டர்ஸ்பர்க் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1983 முதல் மலைமுகட்டில் கருவி வைத்து முகப்பின் இடத்தை அளந்து வருகிறார்கள். அந்த நீண்ட வரிசைக்கு இணையான பதிவு பல பெரிய பனியாறுகளுக்கே கிடையாது. அதே ஃபியர்டில் ஒலியலைக் கருவியால் தண்ணீருக்கடியிலுள்ள சுவரைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு பலரை உலுக்கியது: சில இடங்களில் அடியுருகல், கோட்பாடு சொன்னதைவிட நூறு மடங்கு வரை அதிகம்.

வட துருவத்துக்கு இன்னும் நெருக்கமான சுவால்பார்ட் தீவுகளில் இதே உண்மை வேறு விதமாகத் தெரிந்தது. அங்குள்ள குரோனெப்ரீன் உள்ளிட்ட மூன்று பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வின்படி, உடைப்பு உச்சத்தை அடைவது காற்று மிகச் சூடாக இருக்கும் கோடையில் அல்ல. ஆழத்துக் கடல்நீர் மிகச் சூடாக இருக்கும் இலையுதிர்காலத்தில். குரோனெப்ரீன் வந்து விழும் காங்ஸ்ஃபியர்டில்தான் 2014 ஜூலையில் இந்தியா தன் முதல் ஆர்க்டிக் கடலடி ஆய்வு நிலையத்தை இறக்கியது. இன்டார்க் என்ற அந்தக் கருவித் தொகுதி 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தாரும் கோவாவின் துருவ ஆய்வு மையத்தாரும். இருள் சூழ்ந்த குளிர்காலத்தில் கப்பல்கள் அளக்க முடியாத மாதங்களிலும் அந்த ஃபியர்டுக்குள் எவ்வளவு வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் நுழைகிறது என்பதை இத்தகைய கருவிகளால்தான் அறிய முடியும். பள்ளிக்கரணையில் செய்த ஒரு பொருள் இந்தப் புதிரின் சரியான இடத்தில் போய் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமை.

கிரீன்லாந்திலிருந்து ஒரு எச்சரிக்கையையும் இங்கே சேர்க்கலாம். அதன் மிக வேகமான பனியாறான செர்மெக் குயாலெக் 1990-களின் இறுதியில் வெதுவெதுப்பான கடல்நீர் வந்ததும் தன் மிதக்கும் நாக்கை இழந்து இன்னும் வேகமாக ஓடத் தொடங்கியது. 2016-க்குப் பிறகு அதன் முன்னாலுள்ள விரிகுடாவில் குளிர்நீர் வந்ததும் சில ஆண்டுகள் வேகம் குறைந்து, முகப்பு முன்னேறி, பனி தடித்தது. அந்த ஆண்டுகளிலும் அது கடலுக்கு அனுப்பிய பனி, உள்ளே சேர்ந்த பனியைவிட அதிகமாகவே இருந்தது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? பனியின் மொத்தக் கணக்கை. 1994 முதல் 2013 வரை விமானத்திலிருந்து லேசர் கருவியால் அளந்து பார்த்ததில், அலாஸ்காவும் அதை ஒட்டிய கனடாப் பகுதியும் ஆண்டுக்குச் சுமார் 7,500 கோடி டன் பனியை இழந்தன. அதில் கடலில் இறங்கும் பனியாறுகளின் பங்கு 6 விழுக்காடு அளவுதான். மீதி 94 விழுக்காடு, கடலைத் தொடாத ஆயிரக்கணக்கான பனியாறுகளின் மேற்பரப்பில், யாரும் படம் பிடிக்காமல், கோடைதோறும் உருகி ஓடிய நீர். திட்டும் சுழற்சியும் இல்லாத அந்தப் பனியாறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலச் சுருங்குவதற்கு வெப்பத்தைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. சான்று அங்கே இருக்கிறது. கிரீன்லாந்தின் கதை வேறு, அங்கே கடலில் நேரடியாகச் சேரும் பனியின் பங்கு மிகப் பெரியது. அலாஸ்காவைக் காட்டிக் கிரீன்லாந்தைப் பேசுவதும், கிரீன்லாந்தைக் காட்டி அலாஸ்காவைப் பேசுவதும் சரியாகாது.

கடல்மட்டம் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. கொலம்பியா இழந்த பனி முழுவதும் கடலை உயர்த்தவில்லை. ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்ற பகுதி, கடல்நீரின் இடத்தைத்தான் பிடித்துவைத்திருந்தது. அது கரைந்தால் மட்டம் உயராது. மிதக்கக்கூடிய அளவுக்கு மேல் தடித்திருந்த பனி மட்டுமே கடலுக்குக் கூடுதல் வரவு.

அந்தக் கூடுதல் நீரும் எல்லாக் கரைகளிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. பெரும் பனிப்பொதி தன் ஈர்ப்பால் அருகிலுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி போனால் அந்த இழுப்பும் போகிறது. பாரம் இறங்கிய நிலமும் மேலெழுகிறது. கிளேசியர் பே வட்டாரத்தில் தரை ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. ஜூனோவில் கரையோடு ஒப்பிட்டால் கடல்மட்டம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. பனியை இழக்கும் கரையில் கடல் வற்றுவதுபோல் தெரிய, அங்கிருந்து விலகிய நீர் தொலைவிலுள்ள கடல்களில் போய்ச் சேர்கிறது. அலாஸ்காவின் பனி உருகுவதால் வெப்பமண்டலக் கரைகளில் ஏறும் மட்டம் உலகச் சராசரியைவிடச் சற்று அதிகம். சோழமண்டலக் கரையும் மன்னார் வளைகுடாவும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.